பூவும் காயும் இல்லாத நாற்றுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி? மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களுக்கு டி.என்.ஏ. பார்கோடு எடுக்கும் முறை

அழிந்த காட்டைத் திரும்ப வளர்க்க இறங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது பெயரில்தான். நாற்றங்கால் பையில் ஆறு இலையோடு நிற்பது எந்த நாவல்? சமவெளியில் வளரும் நாவலா, உயர்மலைச் சோலையில் மட்டும் வாழும் அதன் உறவுக்கார மரமா? தாவரவியல் நூல்கள் பூவையும் காயையும் வைத்தே இனம் பிரிக்கின்றன. நாற்றிடம் இரண்டும் கிடையாது. நாட்டுமருந்துக் கடைக்குச் சாக்கில் வரும் பட்டைக்கு இலைகூடக் கிடையாது. அசோகுப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை விலைபோவது பலராலும் உறுதிசெய்யப்பட்ட செய்தி. உண்மையான அசோகு காட்டில் அருகி வருகிறது.

இந்த இடத்தில்தான் டி.என்.ஏ. பார்கோடு உதவுகிறது. தாவரத்தின் மரபுப் பொருளில் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியை மட்டும் படியெடுத்து, அதன் எழுத்து வரிசையைப் படித்து, பெயர் தெரிந்த தாவரங்களின் வரிசையோடு ஒப்பிடுவதே முறை. 2003ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழு விலங்குகளுக்காக இதை முன்வைத்தது. விலங்குகளுக்கு அவர்கள் பயன்படுத்திய மைட்டோகாண்ட்ரியா மரபணு தாவரங்களுக்கு உதவாது. தாவரங்களில் அது மிக மெதுவாக மாறுவதால் பக்கத்துப் பக்கத்துச் சிற்றினங்களில் ஒரே மாதிரி இருக்கும். அதனால் 2009ல் நிலத் தாவரங்களுக்கென்று பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரு மரபணுப் பகுதிகள் பரிந்துரைக்கப்பட்டன.

தொடங்கும் முன் இரண்டு எண்களை மனத்தில் வையுங்கள். பரிந்துரை செய்த குழு உலகெங்கும் திரட்டிய மாதிரிகளில் இந்த இரு பகுதிகளும் சேர்ந்து 72 சதவீதச் சிற்றினங்களைத்தான் பிரித்துக் காட்டின. அதே 2009ல் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டுத் திட்டில் இருந்த 296 மரச் சிற்றினங்களுக்கு, மூன்றாவதாக ஒரு பகுதியையும் சேர்த்துப் பார்த்தபோது 98 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் கிடைத்தது. கூடுதலாகச் சேர்த்த பகுதி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தக் காட்டில் என்னென்ன மரம் இருக்கிறது என்ற முழுப் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் வல்லுநர் பெயர் சூட்டிய மாதிரியும் கையில் இருந்தது. ஒரே காட்டில் நெருங்கிய உறவுகள் குறைவாகவே சேர்ந்து வாழும் என்பதும் உதவியது. ஆகவே உலகத் தரவுத்தளத்தை நம்பி இறங்குவதைவிட, உங்கள் மலைக்கென்று, பெயர் உறுதியான மரங்களின் வரிசைகள் அடங்கிய சிறிய மேற்கோள் தொகுப்பு ஒன்றை முதலில் கட்டுங்கள். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த நோக்கத்தோடு எழுதப்பட்டவை.

கேள்விக்கு ஏற்ற பகுதி

எல்லாக் கேள்விக்கும் எல்லாப் பகுதியும் தேவையில்லை. அசோகு புளிய மரத்தின் குடும்பம். நெட்டிலிங்கம் சீத்தாவின் குடும்பம். இவ்வளவு தொலைவான உறவைப் பிரிக்க ஆர்பிசிஎல் ஒன்றே போதும். நீளம் சுமார் 550 எழுத்துகள். ஏறக்குறைய எல்லாத் தாவரத்திலும் எளிதில் படியெடுக்கலாம். ஆனால் பேரினம் வரை நம்பிக்கையாகச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே பெரும்பாலும் தயங்கி நின்றுவிடும்.

மேட்கே 800 எழுத்துகளுக்கு மேல் நீளும். வேகமாக மாறுவதால் பிரிக்கும் திறன் அதிகம். வேகமாக மாறுவதாலேயே, படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமர் ஒட்டும் இடமும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டுப் பலமுறை தோற்கும். டிஆர்என்எச்–பிஎஸ்பிஏ என்ற இடைப்பகுதி சிற்றினங்களை நன்றாகப் பிரிக்கும். ஆனால் அதில் ஒரே எழுத்து பத்துப் பன்னிரண்டு முறை அடுத்தடுத்து வரும் இடங்கள் உண்டு, அங்கே வாசிப்பு குழம்பிவிடும். உட்கருவில் உள்ள ஐ.டி.எஸ்.2 குட்டையானது. அதனால் காய்ந்து சிதைந்த பட்டை, வேர், ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பில் உள்ள பழைய தாள் ஆகியவற்றுக்கு ஏற்றது. நாவல் பேரினமான சிசிஜியம், லவங்கப்பட்டைப் பேரினமான சின்னமோமம் போன்று ஒரே மலையில் பல சிற்றினங்கள் நெருங்கி நிற்கும் கூட்டங்களுக்கு ஐ.டி.எஸ்.2 இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பசுங்கணிகம் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழியே மட்டும் வருகிறது. கலப்பினத்தில் அது தாயின் பெயரைத்தான் சொல்லும். தாய் தந்தை இரண்டு பக்கமும் தெரிய உட்கருப் பகுதியையும் படிக்க வேண்டும்.

அனுமதி

காட்டுக்குள் ஒரு இலை பறிக்கவும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், பூக்கும் பருவத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் தேவைப்படும்.

களத்தில் செய்வது

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான திட்டங்கள் கெடுகின்றன. கெட்டது ஓராண்டு கழித்துத்தான் தெரியவரும் என்பதால் கூடுதல் கவனம் வையுங்கள்.

ஒவ்வொரு மரத்திலிருந்தும் இரண்டு பொருள் எடுக்க வேண்டும்: டி.என்.ஏ.வுக்கு இலைத்துண்டு, பெயருக்குச் சான்றுமாதிரி. சான்றுமாதிரி என்பது பூவோ காயோ உள்ள கிளை. செய்தித்தாளுக்கு இடையில் அழுத்திக் காயவைத்து, ஏறத்தாழ 42 × 28 செ.மீ. அட்டையில் ஒட்டப்படுவது. இரண்டுக்கும் ஒரே சேகரிப்பு எண். இலையை எடுத்துவிட்டுச் சான்றை விட்டுவிட்டால், பின்னால் பெயரில் ஐயம் வரும்போது திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த எழுத்து வரிசை அநாதையாகிவிடும்.

இலைக்கு இளசாக, பூச்சி அரிக்காத, முழுதாக விரிந்து சில நாளே ஆன இலையைத் தேர்ந்தெடுங்கள். முற்றிய இலையில் துவர்ப்புப் பொருளும் பிசினும் கூடுதல். மழைக்காட்டில் இலையின் மேல் பாசியும் லைக்கனும் ஈரற்செடியும் படர்ந்திருக்கும். அவற்றுக்கும் பசுங்கணிகம் உண்டு. ஆர்பிசிஎல் பிரைமர் அவற்றையும் படியெடுத்துவிடும். ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, நடுநரம்பை நீக்கி, 2 முதல் 5 சதுர செ.மீ. அளவில் கிழித்து, காகித வடிகட்டி உறையிலோ வெறும் தேநீர்ப் பையிலோ போடுங்கள். அதைச் சிலிக்கா ஜெல் நிரம்பிய பூட்டு உறைக்குள் வையுங்கள். எடைக்கு எடை இலை ஒன்றுக்குச் சிலிக்கா பத்து. இதில் சிக்கனம் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இலை அப்பளம்போல் நொறுங்க வேண்டும். மடித்தால் வளைகிறது என்றால் டி.என்.ஏ. உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தென்மேற்குப் பருவமழையில் அன்று மாலையே சிலிக்காவை ஒருமுறை மாற்றிவிடுங்கள். நிறம் மாறும் மணிகளில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீல மணியில் உள்ள கோபால்ட் குளோரைடு நச்சு. பயன்படுத்திய சிலிக்காவைச் சூடேற்றித் திரும்பப் பயன்படுத்தும்போது பழைய இலைத்தூள் ஒட்டியிருந்தால் அடுத்த மாதிரி கலப்படமாகும்.

மழையில் மாதிரி அழுகாமலிருக்க செய்தித்தாள் கட்டின் மேல் ஆல்கஹால் ஊற்றி மூடும் பழக்கம் உண்டு. சான்றுக்கு அது நல்லது, டி.என்.ஏ.வுக்கு எமன். ஆல்கஹால் படுவதற்கு முன்பே இலைத்துண்டு சிலிக்காவுக்குப் போய்விட வேண்டும்.

முப்பது மீட்டர் உயர மரத்தில் இலை எட்டாது. கீழே விழுந்து கிடக்கும் இலையை எடுக்கும் ஆசை வரும், எடுக்காதீர்கள். அது பக்கத்து மரத்தினுடையதாகவோ மேலே ஏறிய கொடியினுடையதாகவோ இருக்கலாம். தோலில் துளையிடும் 1 செ.மீ. விட்டமுள்ள துளைப்பானைச் சுத்தியலால் தட்டி, வெளிப்பட்டையை நீக்கி, உள்ளே ஈரமாக இருக்கும் வளர்படை வட்டை எடுத்துச் சிலிக்காவில் காயவையுங்கள். மரத்துக்கு மரம் துளைப்பானை 10 சதவீத பிளீச்சில் கழுவி, நீரில் அலசித் துடையுங்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: சேகரிப்பு எண், நாள், ஜி.பி.எஸ். அளவு, கடல்மட்ட உயரம், மரத்தின் உயரம், பட்டையை வெட்டினால் வரும் பாலின் நிறம், கசக்கினால் வரும் மணம், பூவின் நிறம். இவை காய்ந்த மாதிரியில் மறைந்துபோகும். கூட வரும் காணி, முதுவர், இருளர் மக்கள் சொல்லும் பெயரையும் அவர்கள் ஒலிக்கிறபடியே எழுதுங்கள்; எந்த இரண்டு மரத்தை அவர்கள் வேறு என்று சொல்கிறார்கள் என்பது மிகப் பயனுள்ள தகவல். ஒரு சிற்றினத்துக்கு ஒரு மரம் போதாது. வெவ்வேறு இடங்களில் குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து. ஒரே சிற்றினத்துக்குள் எவ்வளவு மாறுபாடு என்று தெரிந்தால்தான் இரண்டு சிற்றினங்களுக்கு இடையிலான வேறுபாட்டை எடைபோட முடியும்.

சான்றுமாதிரிக்குப் பெயர் சூட்டக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் ஆகியவை இருக்கின்றன. ஒரு பிரதியை அங்கே நிலையாக வைத்துவிடுவது நல்லது.

டி.என்.ஏ. பிரித்தல்

வெப்பமண்டல மரங்களில் பெரும்பாடு இதுதான். பலா, அத்தி இனத்தில் பால். குடம்புளி இனத்தில் மஞ்சள் பிசின். லவங்கப்பட்டை இனத்தில் வழவழப்பான கோழை. பெரும்பாலானவற்றில் துவர்ப்பு. இவை டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வந்து அடுத்த கட்டத்தில் படியெடுக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்யும். விலை உயர்ந்த ஆயத்தக் கிட்டை வாங்குவதைவிட, சி.டி.ஏ.பி. என்ற சோப்புப்பொருளால் டி.என்.ஏ.வைப் பிரிக்கும் முறையைக் கற்றுக்கொள்வது இங்கே நல்ல முதலீடு.

கரைசல்: சி.டி.ஏ.பி. 2 சதவீதம், சோடியம் குளோரைடு 1.4 மோலார், ஈ.டி.டி.ஏ. 20 மில்லிமோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், பி.எச். 8.0, பி.வி.பி. 2 சதவீதம். பயன்படுத்தும் அன்று மட்டும், 1 மி.லி.க்கு 2 மைக்ரோலிட்டர் மெர்காப்டோஎத்தனால் சேருங்கள். துவர்ப்பு மிகுந்த இலைக்கு 10 மைக்ரோலிட்டர் வரை போகலாம். இலை கசங்கியதும் பழுப்பாவதைத் தடுப்பது இதுதான். முதல்நாளே கலந்து வைத்தால் வீணாகிவிடும்.

காய்ந்த இலை 20 மி.கி. எடுத்து 2 மி.லி. குழாயில் எஃகு மணியோடு போட்டு, மாவுபோல் பொடியாக்குங்கள். பொடி நன்றாக அமையாவிட்டால் பின்னால் என்ன செய்தாலும் விளைச்சல் குறைவுதான். அதிகம் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று 100 மி.கி. போடுவது புதியவர்களின் வழக்கமான பிழை; கூடவே வருவது பிசினும் துவர்ப்பும்தான்.

கோழை உள்ள இலைக்கு இங்கே ஒரு முன்கழுவல். சார்பிட்டால் 0.35 மோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், ஈ.டி.டி.ஏ. 5 மில்லிமோலார், பி.வி.பி. 1 சதவீதம் கலந்த கரைசலில் அன்றன்று 1 சதவீத மெர்காப்டோஎத்தனால் சேர்த்து, அதில் 1 மி.லி.யைப் பொடியில் ஊற்றிக் குலுக்கி, மையவிலக்கியில் 5,000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல் நீரைக் கொட்டிவிடுங்கள். வழவழப்பு போகும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம்.

பிறகு 65 டிகிரியில் சூடாக்கிய சி.டி.ஏ.பி. கரைசல் 700 மைக்ரோலிட்டர் ஊற்றி, அதே சூட்டில் 45 நிமிடம் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஆறவிட்டு, குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24க்கு 1 என்று கலந்ததை 700 மைக்ரோலிட்டர் சேர்த்து 5 நிமிடம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வேகமாக உலுக்கினால் டி.என்.ஏ. இழை அறுபடும். இதைப் புகைபோக்கி அறைக்குள் மட்டும் செய்யுங்கள். 12,000 ஜி, 10 நிமிடம். மேலே தெளிந்த நீரில் 500 மைக்ரோலிட்டரை மட்டும் எடுங்கள். நடுவில் நிற்கும் வெள்ளை ஆடையைத் தொடாமல் கொஞ்சம் விட்டுவிடுவதே கெட்டிக்காரத்தனம். நீர் கலங்கலாக இருந்தால் குளோரோஃபார்ம் படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

குளிர்ந்த ஐசோபுரொப்பனால் 330 மைக்ரோலிட்டர் சேர்த்து, மைனஸ் 20 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம். இரவு முழுக்க விட்டால் கோழையும் சேர்ந்து படிந்துவிடும். 10 நிமிடம் சுழற்றி, 70 சதவீத எத்தனாலில் இரண்டு முறை கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் உலர்த்தி, 50 மைக்ரோலிட்டர் டிரிஸ் கரைசலில் கரையுங்கள். அதில் ஈ.டி.டி.ஏ. 0.1 மில்லிமோலாருக்கு மேல் வேண்டாம்; அது அடுத்த கட்டமான பி.சி.ஆர். படியெடுப்புக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் படிந்தது வெள்ளையாகவோ கண்ணாடிபோலவோ இருந்தால் நல்லது. பழுப்பு என்றால் துவர்ப்பு ஒட்டியிருக்கிறது. ஜெல்லிபோல் கரையாமல் நின்றால் கோழை.

ஒவ்வொரு தொகுதியிலும் இலையே போடாத ஒரு குழாயையும் இதே வழியில் கொண்டுவாருங்கள். கடைசியில் அதில் ஏதாவது தெரிந்தால் உங்கள் கரைசல்களில் எதிலோ கலப்படம். கிட் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குவானிடின் உப்பு உள்ள கிட் கழிவின் மேல் பிளீச் ஊற்றக் கூடாது; நச்சு வாயு வரும்.

பி.சி.ஆர்.

25 மைக்ரோலிட்டருக்கான கலவை, மைக்ரோலிட்டர் கணக்கில்:

- பத்து மடங்கு பஃபர், மக்னீசியம் இல்லாதது – 2.5
- மக்னீசியம் குளோரைடு, 25 மில்லிமோலார் – 2.0
- டி.என்.டி.பி., ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார் – 0.5
- முன் பிரைமர், 10 மைக்ரோமோலார் – 0.5
- பின் பிரைமர், 10 மைக்ரோமோலார் – 0.5
- பி.எஸ்.ஏ. புரதம், 1 மி.லி.க்கு 10 மி.கி. – 0.5
- டாக் நொதி, 1 மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட் – 0.2
- டி.என்.ஏ. – 2.0
- தூய நீர் – 16.3

பி.எஸ்.ஏ.வை விட்டுவிடாதீர்கள். துவர்ப்புப் பொருளைத் தன்மேல் இழுத்துக்கொண்டு நொதியைக் காப்பது அதுதான். ஐ.டி.எஸ்.2க்கு 5 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ.வும் சேருங்கள், அந்த அளவு நீரைக் குறைத்துக்கொண்டு.

ஆர்பிசிஎல்லுக்கு: 95 டிகிரியில் 4 நிமிடம், பிறகு 94ல் 30 நொடி, 55ல் 30 நொடி, 72ல் 1 நிமிடம் என்று 35 சுற்று, முடிவில் 72ல் 10 நிமிடம். மேட்கேக்கு ஒட்டும் வெப்பத்தை 52க்கு இறக்குங்கள். வரவில்லையென்றால் 48 வரை போய்ப் பாருங்கள். கிம் 3எஃப், 1ஆர் என்ற பிரைமர் ஜோடி தோற்றால் 390எஃப், 1326ஆர் ஜோடியை முயலுங்கள்.

1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது டி.என்.ஏ. கோடு தெரியாவிட்டால் உடனே இன்னும் அதிக டி.என்.ஏ. ஊற்ற வேண்டாம். வெப்பமண்டல மாதிரியில் பெரும்பாலும் மருந்து நேர் எதிரானது: பத்து மடங்கும் ஐம்பது மடங்கும் நீர்த்துப் பாருங்கள். நீர்க்கும்போது டி.என்.ஏ. குறைந்தாலும் தடுப்புப் பொருள் அதைவிட வேகமாக விளைவிழக்கும். உறுதிப்படுத்த எளிய சோதனை உண்டு. நன்றாக வேலை செய்த பழைய மாதிரி 1 மைக்ரோலிட்டரை, தோற்ற மாதிரி 1 மைக்ரோலிட்டரோடு கலந்து ஓட்டுங்கள். நல்லதும் தோற்றால் தடுப்புப் பொருள்தான் காரணம். நல்லது வந்துவிட்டால் உங்கள் மாதிரியில் டி.என்.ஏ. சிதைந்துவிட்டது அல்லது பிரைமர் பொருந்தவில்லை.

வரிசையைப் படித்தல்

சீக்வென்சிங்கை இந்திய நிறுவனங்களே செய்து தருகின்றன. முன், பின் இரண்டு திசையிலும் கேளுங்கள். பாதிச் செலவில் முடிக்க ஒரு திசை மட்டும் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டு சிற்றினங்களுக்கு இடையே சில நேரம் இரண்டே எழுத்துதான் வேறுபாடு. அந்த இரண்டு எழுத்தும் வாசிப்புப் பிழையா உண்மையா என்பதை எதிர்த்திசைதான் சொல்லும்.

தொடக்கத்தில் வரும் 30 முதல் 50 எழுத்துகளும் கடைசிப் பகுதியும் கலங்கலாக இருக்கும், வெட்டிவிடுங்கள். பிரைமர் வரிசையையும் நீக்குங்கள். வாசிப்பின் தரத்தைச் சொல்லும் ஃப்ரெட் மதிப்பு 20க்குக் கீழ், அதாவது நூற்றில் ஒன்றுக்கு மேல் பிழை வாய்ப்புள்ள எழுத்துகளை வாசிப்பு வரைபடத்தில் கண்ணால் சிகரம் சிகரமாகப் பாருங்கள். மென்பொருள் சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள்.

ஆர்பிசிஎல்லும் மேட்கேயும் புரதமாக மொழிபெயர்க்கப்படும் பகுதிகள். மொழிபெயர்த்துப் பாருங்கள், புரதம் முடிவதைக் காட்டும் நிறுத்தக்குறி நடுவில் வந்தால் எங்கோ ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது அல்லது கூடியிருக்கிறது. ஐ.டி.எஸ்.2ல் இரட்டைச் சிகரம் தெரிந்தால் அந்த மரத்துக்குள்ளேயே வேறுபட்ட பிரதிகள் இருக்கலாம். அது கலப்பினமாகவும் இருக்கலாம். ஐ.டி.எஸ்.2 சுத்தமாக வந்து, ஒப்பிட்டால் பூஞ்சை என்று காட்டினால் இலைக்குள் வாழும் பூஞ்சையைப் படித்திருக்கிறீர்கள். தாவரத்துக்கே உரிய பிரைமரால் திரும்பச் செய்யுங்கள்.

பெயர் சொல்லும் இடம்

ஜென்பேங்க், போல்டு என்ற பொதுத் தரவுத்தளங்களில் உங்கள் வரிசையைத் தேடியதும் முதல் வரியில் ஒரு பெயர் 99.8 சதவீதம் என்று வரும். அதை விடை என்று எழுதிவிடாதீர்கள். 550 எழுத்தில் ஒன்று மாறினால் அதுதான் 99.8, அதே மதிப்பெண்ணோடு கீழே பதினைந்து சிற்றினங்கள் நிற்கும். அப்படி நின்றால் உங்களுக்குக் கிடைத்தது பேரினம் மட்டுமே. அடுத்த கேள்வி: உங்கள் மலையில் வாழும் அந்தப் பேரினத்தின் எல்லாச் சிற்றினங்களும் தரவுத்தளத்தில் இருக்கின்றனவா? இல்லாத மரத்தை எந்தத் தேடலும் காட்டாது. இருப்பதில் மிக நெருங்கியதை, தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் வாழும் ஒன்றைக்கூட, முதலில் நிறுத்தும். ஜென்பேங்கில் தவறான பெயரோடு ஏறிய வரிசைகளும் உண்டு. சான்றுமாதிரி எண் இல்லாத பதிவுக்குக் குறைந்த மதிப்பே கொடுங்கள்.

பிறகு உங்கள் மேற்கோள் தொகுப்போடு சேர்த்து உறவுக் கிளைவரைபடம் வரையுங்கள். தெரியாத நாற்று ஒரே சிற்றினத்தின் மூன்று மரங்களோடு ஒரே கொத்தில் விழுந்து, பக்கத்துச் சிற்றினம் தனிக் கொத்தாக நின்றால் பெயரைத் துணிந்து சொல்லலாம். இரண்டு சிற்றினங்களும் ஒரே கொத்தில் கலந்து கிடந்தால் இன்னொரு பகுதியைப் படியுங்கள். தொடர்பே இல்லாத இரண்டு மரங்களின் வரிசை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், ஆய்வகத் தட்டில் அவை அடுத்தடுத்த குழியில் இருந்தனவா என்று முதலில் பாருங்கள். புதுக் கண்டுபிடிப்பைவிட பைபெட் தவறுக்கே வாய்ப்பு அதிகம்.

அரைத்த மருந்துப்பொடிக்கு இந்த வழி செல்லாது. அதில் பல செடிகள் கலந்திருந்தால் வரிசை முழுக்க ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியாமல் போகும். அதற்கு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியே படிக்கும் முறை வேண்டும். மூட்டையில் பட்டை முழுத்துண்டாக இருக்கும்போதே, வெவ்வேறு இடத்திலிருந்து பத்துத் துண்டாவது எடுத்துத் தனித்தனிக் குழாயில் செய்யுங்கள். ஒரு துண்டு அசோகு என்று வந்ததால் மூட்டை முழுதும் அசோகு ஆகிவிடாது.

நாற்றங்காலில் பெயர்ச்சீட்டு எழுதும்போது கிடைத்த அளவுக்கே எழுதுங்கள். ஐ.டி.எஸ்.2உம் மேட்கேயும் பார்த்த பிறகும் பேரினத்தோடு நின்றுவிட்டால் ‘சிசிஜியம், சிற்றினம் உறுதியாகவில்லை’ என்று எழுதி, விதை எடுத்த தாய்மரத்தின் எண்ணையும் உயரத்தையும் சேர்த்து, அதே உயரமுள்ள இடத்தில் மட்டும் நடச் சொல்லுங்கள். தாய்மரம் பூக்கும் மாதத்தில் போய் ஒரு கிளை எடுத்து ஹெர்பேரியத்துக்கு அனுப்புங்கள். பெயர் வந்ததும் அந்த எண்ணுள்ள எல்லாப் பைகளின் சீட்டையும் மாற்றலாம்.